ஏழாவது அட்டை

பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. விளாத்திகுளத்தில் நான் எழுத்தராக வேலை பார்க்கும் அந்தப் பள்ளிக்கு என்னைத் தேடி யாரும் பேசுவதில்லை. தலைமையாசிரியர் ரிசீவரை நீட்டி, "கோவில்பட்டியில இருந்து" என்றார். மறுமுனையில் முருகேசன் அண்ணாச்சி. எங்கள் அருங்காட்சியக அறைக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவர்.

"மாரி, சார் காலையில போயிட்டாவ" என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். "கேக்குதா? பெரியாஸ்பத்திரியில வச்சுத்தான். வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. மாடியைக் காலி பண்ணணும்னு மண்டிக்காரவிய இப்பவே பேசுதாவ. சாமானையெல்லாம் எங்கன கொண்டு போகன்னு யோசிச்சுக்கிட்டே வா."

எட்டயபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் மழைக்குக் காத்து வெடித்துக் கிடந்தது. அழுகை வரவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

சங்கரபாண்டியன் சாரை அறிந்தவர்கள்தான் இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பலருக்கு அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தந்தவர். மனு எழுத வந்தவர்களின் வீடுகளில் கிடந்த பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி, மண்டி மாடியில் ஒரு அருங்காட்சியகம் வைத்தவர். "அவரைப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடும்மா" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். நல்லது நிறைய உண்டு. ஆனால் அதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. எழுதி முடித்ததை முதலில் சாரின் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவிய இருந்தாலும் இப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பாவ" என்றார். அதன் பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

நான் அவரை முதலில் பார்த்தது பட்டப்படிப்பு முடித்த வருடம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. வரலாறு படித்திருந்தேன்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அருங்காட்சியகத்துக்கு அட்டை எழுத ஆள் வேண்டும், கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்த அந்த எழுத்தே நடுங்கி நடுங்கி வரிக்கு மேலும் கீழுமாய்ப் போயிருந்தது. கை நடுக்கம் வந்து அவர் மனு எழுதுவதை நிறுத்தியிருந்த காலம் அது.

மாடிப்படி ஏறி வாசலில் நின்றேன். கூப்பிடவோ கனைக்கவோ தைரியம் வரவில்லை. கால் மணி நேரம் நின்றிருப்பேன். உள்ளே தானியம் அளக்கும் பித்தளைப் படி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, "கரண்டு ரீடிங் எடுக்க வந்தியா தாயி? மீட்டர் கீழல்லா இருக்கு" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப சாமியாட வந்தியா? வந்து உக்காரு."

ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் நகர்த்தினார். "உன் பேரு, அப்பா பேரு, ஊரு. மூணையும் எழுது." எழுதிக் கொடுத்தேன். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கையெழுத்தை மெச்சுகிறார் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை. "நாளைக்கு வா" என்றார்.

அந்த அறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தி நிறுக்கும் பெரிய மரத்துலாம், பஞ்சகாலத்தில் கஞ்சித் தொட்டி வைத்த இடத்தில் கிடைத்த தகரத் தட்டுகள், கிணறு வெட்டியவர்களின் கடப்பாரை, டூரிங் டாக்கீஸின் டிக்கெட் கிழிக்கும் பெட்டி, சுவர் முழுக்கத் தீப்பெட்டி லேபிள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அட்டையில் மூன்று வரி: என்ன பொருள், எங்கிருந்து வந்தது, சொன்னவர் யார். மூன்றாவது வரியில் அவர் காட்டிய பிடிவாதம் சில நாள் எரிச்சலூட்டும். பொருளைத் தந்தவர் பெயர் போதாது. அது புழங்கியதைக் கண்ணால் பார்த்த ஒருவரின் பெயர் வேண்டும்.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் ஒரு பழைய மண்பானை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மழை தவறிய வருடங்களில் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் உப்பில்லாமல் குடித்து, மழையைக் கேட்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்தக் கஞ்சி வாங்கிய பானை. அதை வைத்திருந்த கிழவி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஓட்டப் பானையவா கண்ணாடிக்குள்ள வைக்கப்போறீங்க? ஊர்ல வேற வேலை இல்லையாக்கும்?"

"இது யாரு கஞ்சி எடுத்த பானை ஆத்தா?" என்றார் சார்.

"எங்க மாமியாளுக்கு மாமியா."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எப்படிப் பாப்பேன்? நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முன்னாலேயே அவ செத்துட்டா."

"அப்ப யாரு சொன்னா?"

"பானைதான் சொல்லுது, போரும்."

சார் என் பக்கம் திரும்பி, "எழுது தாயி. சொன்னவர் தெரியவில்லை" என்றார். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, எழுதாத. நிப்பாட்டு. போன பஞ்சத்துல நானே இதைத் தலையில தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். ஏழு வீட்டுல மூணு வீட்டுலதான் கஞ்சி இருந்துச்சு. அந்த வருசம் எங்க தெருவுல பால்குடிப் பிள்ளை ஒண்ணும் தங்கல. நான் பாத்தேன். எம் பேரைப் போடு" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பானையைச் சார் மடியில் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "சாமான் பேசாது தாயி. பாத்த ஆளு பேசணும். இல்லைன்னா இது வெறும் பானை" என்றார்.

அவருடைய விதிக்கு விலக்காக ஒரே ஒரு பொருள் அந்த அறையில் இருந்தது. கிழக்குச் சுவரோரத் தட்டில், நெருப்பில் வளைந்த தகரம் ஒன்றும் அதன் பக்கத்தில் ஒரு நீளமான வருகைப் பதிவேடும் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எரிந்துபோன ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பதிவேடு அது; தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். எழுத்து முத்து முத்தாக, அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அதன் அட்டையில் மூன்றாவது வரி காலியாக இருந்தது. ஒரு நாள் கேட்டேன். "எழுதிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் முன்பு எங்கோ கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் குறைவில்லை.

மண்டி முதலாளி எப்போதாவது மாடிக்கு வருவார். இடம் அவர் தந்தது. வாடகை என்று எதுவும் கேட்டதில்லை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் கிழக்குச் சுவர்ப் பக்கம் வந்ததும் அவர் முகம் மாறும்.

"கணக்கப்பிள்ளை, ஊருக்குப் பெருமையா எவ்வளவோ கிடக்கு. கடலைமிட்டாய் காய்ச்சுத சட்டியை வையும். லேபிளை வையும், நல்லாத்தான் இருக்கு. கருகுன தகரத்தை எதுக்குத் தூக்கி வச்சிருக்கேரு?"

"லேபிளும் இருக்கு அண்ணாச்சி. அதை ஒட்டுன ஆளும் இருக்கணும்லா."

"உம்ம வாயி இருக்கே" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப்போவார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது.

நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அந்தத் தீயில் இறந்த ஏழு பெண் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஓர் அட்டை எழுதி அந்தத் தட்டுக்கு மேலே பலகையில் குத்த வேண்டும் என்றார் சார். பதிவேட்டைப் பார்த்து எழுதச் சொல்லிப் பக்கங்களில் அடையாளம் வைத்துக் கொடுத்தார். ஐந்து அட்டைகள் எழுதினேன். ஆறாவதாக எழுத வேண்டியிருந்த பெயர் மாரீஸ்வரி, என் பெயர். வயது பதினைந்து. தகப்பன் பெயர் என் அப்பாவுடையது. ஊர் எங்கள் ஊர்.

எங்கள் ஊருக்கு விடிவதற்கு முன்பே அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியின் பஸ் வந்துவிடும். பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் நான் அதில் போயிருக்கிறேன். அப்போது என் வயதைக் கூட்டிப் பதினைந்து என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். பள்ளி திறந்ததும் ஆசிரியர் வீட்டுக்கு வந்து, பிள்ளை நன்றாகப் படிக்கிறது, நிறுத்திவிடாதீர்கள் என்றார். அப்பா சரி என்றார். ஆனால் வீட்டிலிருந்து ஓர் ஆள் அனுப்புவதாக ஆள் சேர்க்கும் ஏஜென்டிடம் சொல்லியாகிவிட்டது. எனக்குப் பதிலாக என் தங்கை பேச்சியம்மாள் போனாள். ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்று பேச்சு இருந்ததால், புதிதாக ஒரு சின்னப் பிள்ளையின் பெயரை ஏற்றக் கம்பெனி பயந்தது. அக்கா பெயரிலேயே வரட்டும் என்றார்கள். ஒன்றரை வருடம் அவள் என் பெயரில் வேலைக்குப் போனாள். நான் என் பெயரில் பள்ளிக்குப் போனேன்.

குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகையில் தீப் பிடித்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். வீட்டுக்கு என்ன கொண்டு வந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சில நாள் கழித்து, கம்பெனி ஆட்கள் கொண்டு வந்த ஒரு தாளில் அப்பா கைநாட்டு வைத்தார். இறந்தவள் பதினைந்து வயது மாரீஸ்வரி என்று அந்தத் தாள் சொன்னது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் வாசித்துக் காட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். யாரும் மறுக்கவில்லை. பேச்சியம்மாளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளியில் பெயர் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. எந்தத் தாளிலும் அவள் பிறக்கவில்லை. எந்தத் தாளிலும் இறக்கவும் இல்லை.

ஆறாவது அட்டையில் என் பெயரை எழுதினேன். ஏழாவதையும் எழுதி முடித்து ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கா தாயி?"

"சரியா இருக்கு சார்."

பல மாதங்கள் அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தேன். ஒரு தடவை கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "அக்கா, இங்க உங்க பேரு!" என்றாள். "எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு மாரீஸ்வரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் கழுகுமலைப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் என்ற அம்மா வந்தார். தன் மகள் பெயரை இங்கே எழுதி வைத்திருப்பதாக யாரோ சொல்லி, அதைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. மகளின் அட்டையைக் காட்டினேன். சண்முகத்தாய் என்ற எழுத்துகளின் மேல் விரலை வைத்து, எது 'ச', எது 'தா' என்று கேட்டுக்கொண்டார். பிறகு மற்ற அட்டைகளையும் வாசிக்கச் சொன்னார். வாசித்துக்கொண்டே வந்தேன்.

"மாரீஸ்வரி. வயசு பதினஞ்சு."

"பதினஞ்சா? போம்மா! அது சின்னப் பிள்ளைல்லா. எம் மக இடுப்பு உசரம்கூட இருக்காது. அது பேரு மாரீஸ்வரி இல்ல, பேச்சி. அக்கா பேர்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் அடுத்த கொட்டகையில பெட்டி அடைச்சுக்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியாதா? கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது அதுக்கு ஞாபகமே வராது. எம் மகதான் இடிச்சுவிடுவா, 'ஏட்டி, உன்னைத்தான் கூப்பிடுதாவ'ன்னு. அப்புறம்தான் கையைத் தூக்கும்."

மேசையருகே உட்கார்ந்திருந்த சார் எழுந்தார். வெள்ளையம்மாள் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க கணக்கப்பிள்ளைலா? தாடி வச்சா எனக்குத் தெரியாதாக்கும்?"

"ஆமா தாயி" என்றார் சார். விடுமுறையில் வேலைக்குப் போன அந்த இரண்டு மாதமும் கணக்கப்பிள்ளையின் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

வெள்ளையம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அந்தப் பிள்ளை பேரை மட்டும் மாத்திப் போட்ருங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப்போனார்.

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. "நாந்தான் எழுதுனேன்" என்றார் சார். "வயசைக் கூட்டுனதும் நாந்தான். ஆய்வுக்கு வந்தவிய கேட்டப்ப, பிள்ளை சத்துக் குறைச்சலா இருக்கு, அதான் குட்டையா தெரியுதுன்னு சொன்னதும் நாந்தான். நீ வந்த முதல் நாள் உன் பேரும் ஊரும் பாத்தப்பவே யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு சார் என்னையே எழுத வச்சீங்க?"

நான் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதும்போது நீயா சொல்லிருவன்னு நினைச்சேன். நீ சொன்னா நானும் சொல்லிறலாம்னு இருந்தேன். முதல்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல தாயி."

அது கோழைத்தனம் என்று அவரே சொன்னார். ஆறுதலுக்காகக்கூட அதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை. அவரை நான் வெகு நாள் மன்னிக்கவில்லை. இப்போதும் முழுதாக மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை.

பலகையிலிருந்து அந்த அட்டையைப் பிடுங்கினார். "பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பிறகு இது தொங்கக் கூடாது. புதுசு எழுது. சொன்னவர்னு உன் பேரைப் போடு" என்றார். நான் வேண்டாம் என்றேன். அப்பா கைநாட்டு வைத்த தாள் எங்கோ இருக்கிறது. நான் எழுதினால் அப்பா பொய் சொன்னவர் ஆவார். என் பட்டமும் இனிமேல் கிடைக்கும் வேலையும் ஒரு செத்துப்போனவள் பெயரில் இருப்பதாக யாராவது கிளப்புவார்கள். இதையெல்லாம் சொன்னேன். இன்னொரு காரணத்தைச் சொல்லவில்லை. அவள் ஏன் என் பெயரில் போனாள் என்பதையும் அந்த அட்டை சொல்லும்.

"வெள்ளையம்மா பேரைப் போட்டு எழுதலாம். என் பேரைப் போட்டும் எழுதலாம்" என்றார் சார். "ஆனா உங்க வீட்டுப் பிள்ளை. நீ வேண்டாங்கும்போது எழுதுனா, ரெண்டாந்தடவையும் உங்க பிள்ளை பேர்ல கை வச்சவன் ஆயிருவேன். நீ சொல்லுத அன்னைக்கு எழுதிக்கலாம்."

பலகையில் ஆறு அட்டைகளும் ஒரு காலி இடமும் இருந்தன. வருகிறவர்கள் கேட்பார்கள். "ஒண்ணு எழுத வேண்டியிருக்கு" என்பார் சார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். விறகுக்குப் பருத்திமார் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார். "எழுதாத. அவ பேரை எழுதினா நான் செஞ்சதையும் எழுதினதாத்தான் அர்த்தம்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

பிறகு எனக்கு விளாத்திகுளத்தில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து அட்டை எழுதினேன். சாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. முகம் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல், வெறுங்காலோடு படியேறி வருவார். நான்கு வருடத்தில் அந்தக் காலி இடத்தைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். மூன்று நாளாக எழுதினாராம். எழுத்துகள் நண்டு ஊர்ந்ததுபோல இருந்தன. "இந்தப் பதிவேட்டை எழுதியவன் நான். பிள்ளைகளின் வயதைக் கூட்டி எழுதினேன். ஒரு பிள்ளையின் பெயரை மாற்றி எழுதினேன். ஆய்வுக்கு வந்தவர்களிடம் பொய் சொன்னேன். சொன்னவர்: சங்கரபாண்டியன், கணக்கப்பிள்ளை." எந்தப் பிள்ளை, என்ன பெயர் என்று எழுதவில்லை.

"பதிவேட்டு அட்டையில ஒட்டிரு" என்றார். "மைதாப் பசை வேண்டாம், பூச்சி அரிக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாம், எழுதிவிடலாம் சார் என்று. வாய்வரை வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னார். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். புதன்கிழமை தொலைபேசி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மண்டியில் பொறுத்தார்கள். மறுநாள் மாடியைத் திறந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மரத்துலாம் விறகுக்கடைக்குப் போயிருந்தது. லேபிள்களில் பாதி, சுவரோடு சேர்த்துச் சுரண்டப்பட்டிருந்தது. நகராட்சியிலும் இரண்டு பள்ளிகளிலும் இடம் கேட்டேன். பானைக்கும் படிக்கும் சரி என்றார்கள். பதிவேட்டைப் பார்த்ததும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் ஒரு டெம்போவில் ஏற்றி எங்கள் ஊருக்கே கொண்டுபோனேன். வீட்டில் பருத்தி போட்டு வைக்கும் அறை, விளைச்சல் இல்லாமல் காலியாகத்தான் கிடந்தது. கஞ்சிப் பானை வழியில் உடைந்துவிட்டது. துண்டுகளைச் சாக்கில் கட்டி, அட்டையையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

நான் இறக்கி அடுக்குவதை அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அட்டைகள் குத்திய பலகையைச் சுவரில் சாய்த்தபோது உள்ளே வந்தார்.

"என்ன எழுதியிருக்கு? வாசி."

ஆறு பெயர்களையும் வாசித்தேன். பதிவேட்டின் அட்டையில் நான் ஒட்டியிருந்த சாரின் தாளையும் வாசித்தேன். கணக்கப்பிள்ளை என்று வந்ததும் அவர் தலை நிமிர்ந்தது.

"அந்தாளா?"

"ஆமாப்பா. அவருதான்."

அப்பா பலகைக்கு முன்னால் குந்தினார். "சொல்லிட்டுத்தான் செத்திருக்காரு" என்றார். பிறகு, "நம்ம பிள்ளைது எங்க?"

"எழுதலைப்பா. நீங்க வேண்டாம்னீங்க."

"எழுது."

தரையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த வீட்டில் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. எழுதியதை வாசித்துக் காட்டினேன். "பேச்சியம்மாள். வயது பத்து. அக்காவின் பெயரில் வேலைக்குப் போனாள்." அவள் பத்து வயதுக்காரி என்று எனக்கு நானே சொல்லி வைத்து வெகு காலம் ஆகியிருந்தது.

"பத்து இல்ல" என்றார் அப்பா. "எட்டு. மேற்குப் புஞ்சையில கம்பு நல்லா வெளைஞ்ச வருசம் பொறந்தா. நாலு நாள் மழை விடல. மருத்துவச்சியத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடையத் தாண்டி வந்தேன். நான் பாத்தவன்லா? எட்டு. அதுகூட முழுசா முடியல."

சங்கரபாண்டியன் சாரிடமிருந்து எனக்கு வந்தது இந்த ஏழு அட்டைகளும், மூன்றாவது வரியில் ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்ற அவருடைய பிடிவாதமும். அந்தப் பிடிவாதத்துக்கு அவரே பல வருடம் பணியவில்லை, நானும் பணியவில்லை. ஏழாவது அட்டையில் பத்து என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து எட்டு என்று எழுதியிருக்கிறேன். சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பெருவிரல்.